பூட்டு வீட்டுக்கு, சாவி ஊருக்கு

வீட்டுப் பூட்டுக்கு மூன்று உறுப்புகள்: பூட்டு, சாவி, சாவியை ஒளித்து வைக்கும் இடம். முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவதைக் குடும்பம்தான் கூடிப்பேசித் தயாரித்துக்கொள்ள வேண்டும். பூட்டுத் தொழில் முதல் இரண்டில் பல நூற்றாண்டுகளாக முன்னேறி வந்திருக்கிறது. திருட்டுத் தொழில் மூன்றாவதை மட்டும் நம்பிப் பிழைக்கிறது.

பூட்டின் வயிற்றுக்குள் நடப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. லீவர் பூட்டில் சில தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று விதித்த உயரத்துக்குத் தூக்கும். ஒரு தகடு கொஞ்சம் கூடுதலாக எழும்பினாலும் தாழ் நகராது, குறைந்தாலும் நகராது. ‘கூடவும் கூடாது, குறையவும் கூடாது’ என்ற இந்தக் கண்டிப்பைப் பூட்டுக்குள் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன், ஆண்டு 1778. இன்னொரு வகை, ஊசிகள் கொண்ட உருளைப் பூட்டு. சாவி உள்ளே போனதும் ஊசிகள் மேலெழுந்து, எல்லாவற்றின் மூட்டும் ஒரே கோட்டில் வந்து நின்றால் உருளை சுழலும். எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இதை மரத்தில் செய்திருந்தார்கள். சாவி முழ நீளம்; தோளில் சுமந்து போக வேண்டியது. அதனால் அதைத் தொலைத்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். 1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல் அதையே உலோகத்தில் சுருக்கிச் சட்டைப் பைக்குள் போகும்படி ஆக்கினார். சாவி தொலைவது மனித குலத்தின் அன்றாடப் பழக்கமானது அதற்குப் பிறகுதான்.

பூட்டு வாங்கப் போகிறவர் இதையெல்லாம் விசாரிப்பதில்லை. “எத்தனை லீவர்?” என்று ஒரே கேள்வி. “ஏழு லீவர் சார்” என்று கடைக்காரர் சொன்னதும், எட்டு இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. லீவர் என்றால் என்ன என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டுவிட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இந்த உரையாடல் நடக்கிறது. பிறகு பூட்டைக் கையில் வாங்கி, தேங்காய் வாங்குகிறவரைப்போல் காதருகே ஆட்டிப் பார்த்து, கனத்தை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லப்படும். கனம் ஒரு தகுதிதான், ஆனால் அது உடம்பைப் பற்றியது. கவனிக்க வேண்டியது பூட்டின் வளையம்: கெட்டிப்படுத்திய எஃகுதானா, கட்டர் நுழைய இடம் விடாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று. வளையம் நீளமாக இருந்தால் மாட்டுவதற்கு வசதி. வெட்டுவதற்கும் அதே வசதி.

தமிழ்நாட்டில் பூட்டு என்றால் திண்டுக்கல். தகட்டை வெட்டி, அரம் போட்டு, லீவரை ஒவ்வொன்றாக ராவிக் கையாலேயே செய்யும் இந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு இதில் பேர்போனது. சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டும் உண்டு. நடுராத்திரியில் கணவன் வீடு திரும்பும் நேரத்தை மனைவிக்கு அறிவிப்பதற்காகவே அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கோயில் கதவுகளும் உண்டியல்களும் பல ஊர்களில் திண்டுக்கல்லை நம்பி இருந்தன. கடவுளே நம்பிய சரக்கு என்பதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆனாலும் அலிகாரில் இயந்திரத்தில் அடித்துத் தள்ளும் பூட்டு விலை குறைவு என்பதால் பட்டறைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. மலிவுப் பூட்டில் சாவி வெட்டுகளின் வகைகள் குறைவு. விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இது தெரியும்: பக்கத்துக் கட்டில்காரனின் டிரங்குப் பெட்டி தன் சாவிக்குத் திறக்கும் என்று தெரிந்த நாளிலிருந்துதான் அங்கே நட்பு ஆரம்பிக்கும்.

வடக்கே இந்தத் தொழிலைப் பெரிதாக்கியவர் அர்தேஷிர் கோத்ரெஜ். வக்கீல் தொழில் ஒத்துவராமல் அதை விட்டுவிட்டு, 1897-இல் பம்பாயில் பூட்டு செய்ய ஆரம்பித்தார். ஒரு வக்கீல் பூட்டுக்காரராக மாறியதில் முரண்பாடு ஏதும் இல்லை. எதிலும் ஓட்டை இருக்கும் என்று நம்புகிறவரே நல்ல பூட்டு செய்ய முடியும்.

பூட்டு எவ்வளவு தாங்கும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஒரு சோதனை உண்டு. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784-இல் ஒரு புதுவகைப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைத் திறந்து காட்டுகிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி, பிக்காடிலிக் கடைக் கண்ணாடிக்குள் அவரது நிறுவனம் வைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வித்தகர் முயன்றார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். இங்கிலாந்து தேசமே அன்று தூக்கம் இழந்தது. சரியாகப் பார்த்தால் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். 51 மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில், காபி குடித்துக்கொண்டு ஒரு வாசலில் உட்கார எந்தத் திருடனுக்கும் வசதிப்படாது.

உண்மையில் வீடு புகும் திருடர் பூட்டைத் திறப்பதே இல்லை. பூட்டு அவருக்குச் சம்பந்தமில்லாத பொருள். அவர் பார்ப்பது நாதாங்கியை. இந்த விஷயம் வீட்டுக்காரர்களிடையே பரவாமல் எப்படியோ காப்பாற்றப்பட்டு வருகிறது. எட்டு லீவர் பூட்டை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர், அது தொங்க வேண்டிய கொண்டியையும் நாதாங்கியையும் வீடு கட்டும்போது மேஸ்திரி வாங்கி வந்த பையிலிருந்தே எடுத்து அடித்திருப்பார். அடித்திருப்பார் என்பது இங்கே உண்மையான வினைச்சொல். தச்சர் நாதாங்கியை நிலையில் வைத்து, திருகாணியை ஓட்டையில் நிறுத்தி, சுத்தியலால் நாலு போடு போட்டு முக்கால் பாகத்தை இறக்கிவிடுவார். கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளியால் திருகுவார், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தால். அடி வாங்கிய மரத்தில் நார் கிழிந்துவிடும். திருகாணியின் மரை பிடிக்க ஒன்றும் இருக்காது. பெயர்தான் திருகாணி, உத்தியோகம் ஆணி. கடப்பாரையின் நுனியைக் கொண்டிக்குள் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால், பூட்டு பூட்டியபடியே, கொண்டியும் நாதாங்கியுமாகக் கையோடு வந்துவிடும். திருட்டு நடந்த வீட்டு வாசலில் எட்டு லீவரும் பழுதில்லாமல் கிடப்பதைப் பார்க்கலாம். அந்தப் பூட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

இதற்கு மாற்று, செலவில்லாத காரியம். திருகாணிக்குப் பதிலாக, கதவையும் நிலையையும் ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்க வேண்டும். கொண்டியை மடித்ததும் போல்ட்டின் தலை அதற்கடியில் மறைந்துவிட வேண்டும். இரும்பு கிரில் கேட் என்றால், பூட்டைச் சுற்றித் தகட்டுப் பெட்டி ஒன்று வெல்டிங் செய்து, கையை உள்ளே விட்டுத்தான் பூட்ட முடியும் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். தினமும் இருட்டில் கையை விட்டுத் துழாவுகிற எரிச்சல் வீட்டுக்காரருக்கு. கட்டரை எங்கே நுழைப்பது என்ற எரிச்சல் மற்றவருக்கு. இதில் யார் முதலில் சலித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது மிச்சம்.

வெளியே தொங்கும் பூட்டுக்கு இன்னொரு குணம் உண்டு: அது பேசும். ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று தெருவுக்குச் சொல்லும். கதவுக்குள்ளேயே புதைந்திருக்கும் மார்ட்டிஸ் பூட்டு இந்த வாயாடித்தனம் இல்லாதது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாது. ஆனால் பூட்டியதை நம்புவதற்கு நம்மவர்களுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் இழுக்க வேண்டும். மூன்று தரம் இழுத்து, தெருமுனை போய்த் திரும்பி வந்து நாலாவது தரம் இழுத்தால்தான் திருப்பதி போகிற வழியில் வேலூர் வரையாவது நிம்மதி. அதற்குத் தொங்குபூட்டே தோது. ஆகவே பல வீடுகளில் மார்ட்டிஸ் பூட்டைப் போட்டுவிட்டு, மனத்திருப்திக்காக அதன்மேல் ஒரு தொங்குபூட்டும் மாட்டி, மார்ட்டிஸ் காத்த ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள்.

சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் தனி ரகம். அதன் நாக்கு சரிவாக இருப்பதால், இரட்டைப் பூட்டாகத் திருப்பி வைக்காவிட்டால், இடுக்கு வழியாக மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விட்டு நாக்கை ஒதுக்கிவிடலாம். இதற்கெல்லாம் சட்டம் நன்றாகவே தயாராக இருந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 445-ஆம் பிரிவில், வீட்டுக்குள் எப்படியெல்லாம் கன்னமிட்டு நுழையலாம் என்று ஆறு வழிகளை வகைப்படுத்தி, உதாரணங்களும் கொடுத்தது. கதவிலுள்ள ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி நுழைவது ஒன்று. வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதைக் கொண்டே கதவைத் திறந்து நுழைவது இன்னொன்று. பாடத்திட்டம் என்று பெயர் போடவில்லையே தவிர, முறையாகத்தான் எழுதியிருந்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு எண் 330 ஆகிவிட்டது. கம்பி அதே கம்பி.

கதவுதான் வழி என்று திருடர்கள் ஒப்புக்கொண்டதே பிற்காலத்தில்தான். சுவர் மண்ணாக இருந்தவரை, கன்னக்கோலால் சுவரைத் துளைப்பதே கௌரவமான முறை. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ நாடகத்தில் சர்விலகன் என்ற திருடன், சுவரில் போடும் துளை தாமரை வடிவில் இருக்கலாமா, பூரண கும்ப வடிவில் இருக்கலாமா என்று நின்று யோசிக்கிறான். மறுநாள் பார்க்கிற அக்கம்பக்கத்தார் வேலைப்பாட்டை மெச்ச வேண்டும் என்ற கவலை அவனுக்கு. அளவு நூல் கொண்டுவர மறந்ததால் பூணூலை வைத்து அளக்கிறான். இவ்வளவு கலைநயத்தோடு உள்ளே போனவனுக்கு நகைப்பெட்டி எப்படிக் கிடைத்தது என்பதுதான் நம் விஷயம். காவலுக்கு அதை வைத்துக்கொண்டு தூங்கிய மைத்ரேயன், தூக்கத்தில் உளறிக்கொண்டே, நண்பன் என்று நினைத்துத் திருடன் கையிலேயே கொடுத்துவிட்டான். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன், கள்வர்களுக்குத் துணையாவன எட்டு என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எனத் தொடங்கி, தந்திரம், இடம், காலம், கருவி வரைக்கும் பட்டியல் போட்டுக் காவலரிடம் சொல்கிறான். வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு என்ற ஒன்பதாவதை அவன் விட்டுவிட்டான்.

அந்த ஒத்துழைப்பின் தலைவாசல், வீட்டின் கொல்லைப்புறம். முன்கதவு தேக்கு, கஜலட்சுமி செதுக்கி, பித்தளை மணி பதித்து, பாலிஷ் போட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் தட்டிப் பார்த்து ‘பர்மா தேக்கா?’ என்று கேட்ட கதவு. அதே வீட்டின் பின்கதவு பிளாஸ்டிக். குளியலறைக்கு வாங்கியதில் மிஞ்சியது. விருந்தாளி வருகிற பக்கத்துக்குப் பாதுகாப்பும், திருடன் வருகிற பக்கத்துக்குச் சிக்கனமும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கொள்கை. மொட்டை மாடிக் கதவு இன்னும் மோசம். வடகம் காயப்போட்டுவிட்டு இறங்கும்போது சாத்தியதுதான், தாழ்ப்போட்டதா என்று கேட்டால் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருக்கும். குளியலறை வென்டிலேட்டரில் சாய்வாக அடுக்கிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே அடுக்கி வைத்துவிட்டுப் போகலாம். அடுக்கி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். உடைத்தால் சத்தம் வரும்.

கோடையில் ஜன்னல். கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வைப்பது காற்றோட்ட சாஸ்திரம். ஜன்னல் வழியாகக் கையை விட்டால் கதவின் உள்தாழ்ப்பாள் எட்டும் என்பது அதே சாஸ்திரத்தின் பின்னிணைப்பு. கை எட்டாத இடத்துக்குக் குச்சி எட்டும். ஜன்னலோரம் ஆணியில் தொங்கும் சட்டை, சட்டைப் பையில் பைக் சாவி, சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி என்று வரிசையாகக் குச்சி நுனியில் வெளியேறுவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

இனி சாவி. மூன்று சாவியுள்ள பூட்டு வாங்கினால், ஒன்று கணவனிடம், ஒன்று மனைவியிடம் இருக்கும். மூன்றாவது ‘பத்திரமாக’ இருக்கும். பத்திரமாக இருக்கும் பொருள் யாருக்கும் கிடைக்காது என்பது வீட்டு நிர்வாகத்தின் அடிப்படை விதி. முன்பு இந்தச் சிக்கல் இல்லை. சாவிக்கொத்து மாமியார் இடுப்பில் இருந்தது. தூங்கும்போதும் இருந்தது. வெள்ளி வளையத்தில் கோத்த அந்தக் கொத்தைத் தாண்டி ஒரு படி அரிசிகூட வெளியேறியதில்லை. திருடனால் தொட முடியாத, மருமகளாலும் தொட முடியாத ஒரே பெட்டகம் அது. கொத்து கை மாறிய நாளில் வீட்டில் ஆட்சி மாறியதாக அர்த்தம். பலருக்கு அது மாறியதே கிடையாது. இன்று எல்லோரிடமும் சாவி இருக்கிறது. ஆகவே யார் பூட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கணவன், மனைவி, பிள்ளை மூவரும் வெவ்வேறு நேரத்துக்கு வீடு திரும்பும் குடும்பங்களில், ஒளித்து வைக்கும் இடம் தேவைப்படுகிறது. இந்த இடங்கள் மாநிலம் முழுக்க ஒரே மாதிரி. செருப்பு ஸ்டாண்டில் யாரும் போடாத பழைய ஷூவுக்குள்; மின்சார மீட்டர் பெட்டிமேல்; ஜன்னல் சன்ஷேடின் விளிம்பில்; துளசித் தொட்டியின் அடியில்; மிதியடிக்குக் கீழே; தொங்கவிட்ட பால் பையில். அந்தந்தக் குடும்பம் தன் இடம் தனித்துவமானது என்று நம்புகிறது. வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, ஷூவைக் கவிழ்த்து, சாவியை எடுத்து, நிமிர்ந்து மறுபடி நாலு பக்கமும் பார்க்கும் அந்த அபிநயத்தை எதிர்வீட்டு மாடி, இஸ்திரி வண்டிக்காரர், கேன் தண்ணீர் போடுகிறவர் எல்லோரும் தினமும் கண்டுகளிக்கிறார்கள். போதாக்குறைக்குத் தொலைபேசி. “சாவி வழக்கமான இடத்துலதான் இருக்கு, எடுத்துக்கோ!” என்று பேருந்தில் நின்றபடி ஒருவர் கத்தும்போது, அந்தப் பேருந்தில் உள்ள அத்தனை பேரும் அவரவர் வீட்டின் வழக்கமான இடத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்கிறார்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது இதைவிடப் பல மடங்கு மேல். ஒரே தொல்லை, ஒவ்வொரு தரமும் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கணக்கு ஒப்புவித்தாக வேண்டும்.

போலிச் சாவி எடுப்பது பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு வெளியே, தகரத்தில் வெட்டிய பெரிய சாவியைக் குடையில் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர் சாவியைப் பார்த்தே அரத்தால் ராவிக் கொடுத்துவிடுவார். சாவியே இல்லையென்றாலும் பாதகமில்லை. வெட்டுப்படாத வெறும் சாவியைப் பூட்டுக்குள் விட்டு, இறுக்கித் திருப்பி ஆட்டி வெளியே எடுப்பார். உள்ளே முட்டிய இடங்களில் மினுக்காகச் சிறு தழும்பு விழுந்திருக்கும். அங்கே மட்டும் இரண்டு இழுப்பு, திரும்ப உள்ளே, திரும்ப ஒரு தழும்பு. தழும்பு விழாமல் போகும் வரைக்கும் ராவினால் பூட்டு திறந்துகொள்ளும். இவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள், சொந்தத் தொழில் நிறைய இருப்பதால் உபதொழிலுக்கு நேரம் கிடையாது. கவலைப்பட வேண்டியது சாவியைச் சோப்பில் அமுக்கி அச்சு எடுக்கிறவர்களை. அதற்கும் இப்போது அவசியம் குறைந்துவிட்டது: 2008-இல் சான் டியகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூரத்திலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணினி கணக்கிட்டுவிடும் என்று செய்து காட்டினார்கள். இந்த லட்சணத்தில், புது அடுக்ககத்தின் சாவியைக் கட்டுநர் கையிலிருந்து வாங்கும் படத்தை, சாவி தெளிவாகத் தெரியும்படி, உறவினர் குழுவில் போடுவது வழக்கமாகியிருக்கிறது. கட்டுநர் அன்பளிப்பாகத் தந்த சாவி வளையத்தில் அடுக்ககத்தின் பெயர், மாடி, வீட்டு எண் மூன்றும் பொறித்திருக்கும். சாவி தொலைந்தால் கண்டெடுத்தவர் அலைய வேண்டாம்.

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது சாவிக்கொத்தை முழுசாகக் கழற்றிக் கொடுப்பதும் இதே வகை. வண்டிச் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் வாழ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் முதல் நாளே செய்ய வேண்டியது பூட்டையோ, உருளையையோ மாற்றுவது. முன்பு இருந்தவர், அவருக்கு முன்பு இருந்தவர், அவர்கள் வீட்டில் வேலை செய்தவர் என்று அந்தச் சாவிக்கு நீண்ட வம்சாவளி இருக்கும். மாறாக எல்லோரும் முதல் நாள் செய்வது பால் காய்ச்சுவது.

ஊருக்குப் போகும்போது வீடு பூட்டியிருப்பதை மறைக்க முடியாது என்பதற்குத் தமிழ் வாசல் ஒரு காரணம். விடிந்தால் தெளித்துக் கோலம் போடும் வாசலில் இரண்டு நாள் கோலம் இல்லாவிட்டால், தெருவுக்கே சேதி போய்விடும். மார்கழியில் ஒரே நாளில் போய்விடும். கேட்டில் செருகிய பத்திரிகைகள், பை நிறைந்த பால் பாக்கெட்டுகள், பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிகிற வாசல் விளக்கு எல்லாம் அதே சேதியை வழிமொழிகின்றன. விளக்கு எரிந்தால் ஆள் இருப்பதாகத் திருடன் நினைப்பான் என்று விட்டுச் செல்கிறார்கள். மின் கட்டணம் கட்டுகிற எவரும் உச்சி வெயிலில் வாசல் விளக்கை எரிய விட மாட்டார் என்பது திருடனுக்கும் தெரியும். பாலையும் பத்திரிகையையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நாலு புள்ளிக் கோலம் ஒன்று போடச் சொல்லிவிட்டுப் போவது உத்தமம். உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லலாம். தீபாவளி, பொங்கல் சமயங்களில் போலீஸாரே அப்படிச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார்கள், ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். பலர் காவல் நிலையத்துக்குச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து மொத்தக் குடும்பமும் நிற்கும் படத்தை ‘பத்து நாள் பயணம்’ என்று ஸ்டேட்டஸ் வைப்பதில் அந்தக் கூச்சம் இல்லை. கல்யாணப் பத்திரிகை இன்னும் விவரமானது: யார் வீடு, எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அதற்கு முதல் நாள் மாலை வரவேற்பு என்று வீடு காலியாக இருக்கும் நேரத்தை மஞ்சள் தடவி ஊர் முழுக்கக் கொடுத்துவிடும்.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அடுத்த அரண் பீரோ. பீரோவின் சாவி பீரோவிலேயே தொங்கும். இல்லாவிட்டால் பீரோவின் தலைமேல். அங்கேயும் இல்லாவிட்டால் பூஜை அறையில் மகாலட்சுமி படத்துக்குப் பின்னால். உள் லாக்கரின் சாவி பீரோவுக்குள் இரண்டாம் தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில். அரிசி டிரம்முக்குள் ஒளிக்கும் சம்பிரதாயமும் உண்டு. அரிசியைக் கொட்டிப் பார்க்கும் சம்பிரதாயம் எதிர்த்தரப்பில் உண்டு. சாவியைப் பீரோவிலேயே விட்டுவைப்பதற்குப் பெரியவர்கள் சொல்லும் நியாயம் எளிதில் மறுக்க முடியாதது: “சாவி இல்லேன்னா கடப்பாரையால உடைப்பான். நகையும் போய் பீரோவும் போகணுமா?”

இந்தத் தர்க்கத்தை ஏற்காதவர்கள் வங்கி லாக்கருக்குப் போகிறார்கள். அங்கே வாடிக்கையாளர் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். கொள்ளையிலோ தீயிலோ, ஊழியர் மோசடியிலோ பெட்டியில் உள்ளது போனால், ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு மடங்கு என்றதும் மகிழ்ந்துவிடாமல், வாடகையை ஒரு தரம் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தங்கத்தின் விலையையும் பார்க்க வேண்டும். லாக்கர் சாவி எங்கே என்று கேட்டால், அது பீரோவில் இருக்கிறது.

இப்போது கைரேகைப் பூட்டு வந்திருக்கிறது. விரலை வைத்தால் திறக்கும். சாவி தொலையும் கவலை இல்லை. ரேஷன் கடையில் பாட்டியின் ரேகை விழாமல் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்த அனுபவம் உள்ள குடும்பங்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாத்திரம் தேய்த்தும், வயதாலும் தேய்ந்த ரேகையை அந்தக் கருவியைப்போலவே இந்தக் கருவியும் ஒப்புக்கொள்ளாது. பாட்டி சொந்த வீட்டு வாசலில் நின்று பத்து விரலும் வைத்துப் பார்க்க வேண்டிவரும். கடவு எண் போட்டும் திறக்கலாம். அந்த எண் பெரும்பாலும் வீட்டு எண், வண்டி எண், மகள் பிறந்த நாள் மூன்றில் ஒன்று. பேட்டரி தீர்வதற்கு முன் பூட்டு பலநாள் கூவி எச்சரிக்கும். வீட்டில் எல்லோரும் அதை ஃபிரிட்ஜ் என்று நினைப்பார்கள். அடியோடு தீர்ந்துபோனால் அவசரத்துக்கு ஒரு சாதாரண உலோகச் சாவியும் தருகிறார்கள். பூட்டு திறக்க மறுக்கும் வேளையில் அந்தச் சாவி வெளியே இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே அது பழைய ஷூவுக்குள் வைக்கப்படுகிறது. கேமரா பொருத்துகிறவர்கள் பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே பளிச்சென்று வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

திருடர் உள்ளே வராமல் இருப்பதற்கான ஏற்பாடுகளால் அதிகமாக வெளியே நிற்பவர் வீட்டுக்காரர்தான். ஆடி மாதம், காலை ஏழு மணி. குடும்பத் தலைவர் பனியனும் வேட்டியுமாகக் குப்பைக் கூடையை வாசலில் வைக்க ஒரு காலை வெளியே எடுத்து வைக்கிறார். ஆடிக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. நைட் லாட்ச் ‘க்ளிக்’ என்கிறது. மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறார், செல்பேசி சார்ஜரில், அடுப்பில் குக்கர். முதல் விசில் வரும்போது அவர் கதவைத் தள்ளிப் பார்க்கிறார். இரண்டாவதில் அட்டையை விட்டு முயல்கிறார். திருடர்கள் நொடியில் செய்வது இல்லறத்தாருக்கு வருவதில்லை. மூன்றாவதில் எதிர்வீட்டார் வந்து, குக்கரில் என்ன வைத்திருக்கிறது என்று விசாரிக்கிறார். பருப்பு என்றதும் ‘அஞ்சு விசில் தாங்கும்’ என்று ஆறுதல் சொல்கிறார். ஆறாவது விசிலுக்குச் சாவிக்காரர் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கி, வளைந்த இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு, பேசிக்கொண்டே திறந்து கொடுக்கிறார். கதவு திறந்ததில் வந்த சந்தோஷம், இவ்வளவு சீக்கிரம் திறந்துவிட்டதே என்ற யோசனையில் உடனே வடிந்துவிடும். கூலி அதிகம் என்று அவரிடம் பேரம் பேசுவது நியாயமில்லை. தாமதமாகத் திறந்திருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்திருப்பார்கள்.

திருட்டே நடந்துவிட்டால் எதையும் தொடாமல், துடைக்காமல் போலீஸாரைக் கூப்பிட வேண்டும். கலைந்து கிடக்கும் வீட்டை விருந்தாளி வருவதற்குள் பெருக்கித் தள்ளும் பழக்கம் கைரேகை நிபுணருக்கு வேலை இல்லாமல் செய்துவிடும். திருடர்களே மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுப் போயிருந்தால், மோப்ப நாய் தும்மிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை ஓடி நின்றுவிடும். யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்று மறுநாள் பத்திரிகையில் வரும். புகாரில் நகைகளின் எடையும் விவரமும் கேட்பார்கள். ரசீதுகளைத் தேடினால், அவை நகைப்பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது நினைவுக்கு வரும். அன்று மாலையே குடும்பத் தலைவர் கடைக்குப் போய், முன்னதைவிடப் பெரிதாக, பத்து லீவர் பூட்டு ஒன்று வாங்கி வருவார். மறுநாள் அதே தச்சர் வந்து, பிய்ந்து கிடக்கும் நாதாங்கியைத் தட்டி நிமிர்த்தி, பழைய ஓட்டைகளில் தீக்குச்சியைச் செருகி, அதே திருகாணிகளைச் சுத்தியலால் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.